சவரம் செய்தபின் கழுத்து ஏன் எரிகிறது?

கன்னம் தாங்கிக்கொள்ளும் சவரத்தைக் கழுத்து தாங்குவதில்லை. தாடைக்குக் கீழே, குரல்வளைக்கு இருபுறமும் உள்ள நான்கு விரற்கடை இடத்தில்தான் சிவப்பும் அரிப்பும் சின்னச் சின்னப் புடைப்புகளும் வந்து, நாளடைவில் கருந்திட்டாக நின்றுவிடுகின்றன. நாள்தோறும் முகம் மழித்துக்கொண்டு அலுவலகம் போக வேண்டிய என்னைப் போன்றவர்களுக்கு இது பழகிப்போன தொல்லை. சிலர் கிரீமைக் குறை சொல்வார்கள், சிலர் பிளேடை, சிலர் தண்ணீரை. வீட்டுப் பெரியவர்கள் உடம்புச் சூடு என்பார்கள். உடம்புச் சூட்டைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு என்பது உண்மைதான். ஆனால், படித்தும் தோல் மருத்துவரிடம் கேட்டும் என் கழுத்தையே கவனித்தும் நான் வந்து சேர்ந்த முடிவு இது: எரிச்சலின் பெரும்பகுதி, கையால் தடவினால் சொரசொரப்பே தட்டுப்படக் கூடாது என்ற நம் ஆசையிலிருந்துதான் வருகிறது.

காரணம் முடி வெட்டுப்படும் விதத்தில் இருக்கிறது. தாடி முடி தோலுக்குள் சாய்வாக அமைந்த ஒரு குழியிலிருந்து வெளியே வருகிறது. பிளேடு அதை வெட்டும்போது சற்று வெளியே இழுக்கவும் செய்கிறது. இழுபட்ட நிலையில் வெட்டுப்பட்ட முடி, பிடி விட்டதும் குழிக்குள் பின்வாங்குகிறது. 1971இல் வந்த 2 பிளேடு ரேசரின் தத்துவமே இதுதான். முதல் பிளேடு முடியைப் பிடித்து இழுக்க, அது உள்வாங்குவதற்குள் அடுத்த பிளேடு இன்னும் கீழே வெட்டிவிடும். அதனால்தான் தோல் அவ்வளவு மழமழவென்று இருக்கிறது. அதனால்தான் வெட்டுப்பட்ட முனை தோல் மட்டத்துக்கும் கீழே போய்விடுகிறது. அப்படிப் போன முடி மறுபடி வளரும்போது, குழியின் வாய் வழியாக வெளியே வராமல், பக்கச் சுவரைத் துளைத்துக்கொண்டு தோலுக்குள்ளேயே வளரக்கூடும். சுருள் முடிக்கு இன்னொரு வழியும் உண்டு: வெளியே வந்து, வளைந்து, பக்கத்திலேயே மறுபடி தோலைக் குத்திக்கொண்டு உள்ளே போகும். சாய்வாக வெட்டுப்பட்ட முடியின் முனை கூர்மையானது என்பதால் இது எளிதாகவே நடக்கிறது. உடல் அந்த முடியை வெளியிலிருந்து ஏறிய முள்ளைப் போலவே கருதி அந்த இடத்தை வீங்கவைக்கிறது. மருத்துவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் சூடோஃபாலிகுலைடிஸ் பார்பே என்பது. ஆப்பிரிக்க வம்சாவளி ஆண்களிடம் இது மிகுதி. கெரட்டின் 75 என்ற மரபணுவில் உள்ள ஒரு சிறு மாற்றம் இதற்கான வாய்ப்பைக் கூட்டுகிறது என்றும் கண்டிருக்கிறார்கள். ஆனால் சுருட்டை முடி எங்கே உண்டோ அங்கே இதுவும் உண்டு. நம் ஊரில் சுருட்டை முடிக்குப் பஞ்சமில்லை.

உருவைப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியில் நல்ல வெளிச்சத்தில் கழுத்தைப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். புடைப்பின் நடுவே, மெல்லிய தோலுக்கு அடியில், அரை வட்டமாக மடிந்த ஒரு கறுப்பு முடி கிடக்கும். அதைப் பார்த்ததும் சாமணத்தால் பிடுங்கத்தான் கை போகும். பிடுங்கினால், பிறகு அதே குழியிலிருந்து வளரும் புது முடி மீண்டும் உள்ளேயே துளைக்கலாம். வளையம் தோலுக்கு மேலே தெரியுமானால், கிருமி நீக்கிய ஊசியின் முனையால் அதை மெல்ல நெம்பி, நுனியை மட்டும் வெளியே விடுவித்துவிட்டு, வேரை அப்படியே விட்டுவிட வேண்டும். தெரியாவிட்டால் தோண்டவே கூடாது. தோண்டிய இடம்தான் பிறகு தழும்பாகிறது.

சவரத்துக்குப் பின் வரும் எல்லாத் தொல்லையும் இந்த வகையைச் சேர்ந்தது அன்று. முகம் துடைத்த சில நிமிடங்களிலேயே தோன்றி, ஓரிரு நாளில் தானாக அடங்கும் சிவப்பும் எரிச்சலும், பிளேடு தோலின் மேலடுக்கைச் சுரண்டியதால் வருபவை. முடிக்குழியைச் சுற்றிச் சீழ் கோத்த சிறு கொப்புளங்கள் வந்தால் அது பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ் வகைப் பாக்டீரியாவின் வேலை. ஓரம் சிவந்து, வட்டமாகப் பரவிக்கொண்டே போனால் படர்தாமரையாக இருக்கலாம். இவற்றைப் பிரித்தறியாமல் எல்லாவற்றுக்கும் ஒரே களிம்பைத் தடவுவதால் வரும் கேட்டைப் பின்னால் சொல்கிறேன்.

கழுத்து மட்டும் ஏன் இப்படிப் பாடுபடுகிறது என்றால், அங்கே முடி ஒரே வாக்கில் வளர்வதில்லை. கன்னத்தில் முடி பெரும்பாலும் மேலிருந்து கீழாகப் படிந்திருக்கும். கழுத்தில் சிலருக்குக் கீழிருந்து மேலாகவும், சிலருக்குக் காதை நோக்கிப் பக்கவாட்டாகவும், சிலருக்குச் சுழியாகவும் இருக்கும். கன்னத்தில் இழுத்த அதே வாக்கில் கழுத்திலும் கீழ்நோக்கி இழுக்கும்போது, நமக்குத் தெரியாமலே பாதி இடத்தை எதிர்வாக்கில் மழித்துவிடுகிறோம். ஆகவே 2 நாள் சவரம் செய்யாமல் விட்டு, விரல் நுனியால் கழுத்தை எல்லாத் திசையிலும் தடவிப் பார்க்க வேண்டும். எந்தப் பக்கமாகத் தடவும்போது வழுக்கிக்கொண்டு போகிறதோ அதுவே முடியின் வாக்கு. எந்தப் பக்கம் விரலைத் தடுக்கிறதோ அது எதிர்வாக்கு. என் கழுத்தில் வலப்பக்கம் மேல்நோக்கியும் இடப்பக்கம் காதை நோக்கியும் முடி போகிறது. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டு கையை மாற்றியதில் கிடைத்த பலன், எந்தக் கிரீமை மாற்றியும் கிடைக்கவில்லை.

பிளேடு படுவதற்கு முன் நடக்க வேண்டியவற்றில் முதன்மையானது ஈரம். உலர்ந்த தாடி முடி விறைப்பானது. தண்ணீரை உறிஞ்சியபின் அதே முடியை வெட்ட மிகக் குறைந்த விசை போதும். அதற்கு 2 அல்லது 3 நிமிடம் முடி நனைந்திருக்க வேண்டும். அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகம், குளித்து முடித்த கையோடு சவரம் செய்யச் சொல்வது இதனால்தான். இங்கேதான் நம் வீடுகளில் சிக்கல் வருகிறது. சவரம் செய்தவன் குளிக்காமல் அடுக்களைப் பக்கம் வரக்கூடாது என்பது பல வீடுகளின் வழக்கம். ஆகவே முதலில் சவரம், பிறகு குளியல் என்றே தலைமுறைகளாகப் பழகியிருக்கிறோம். வழக்கத்தை உடைக்கத் தேவையில்லை, வீட்டில் சண்டையும் தேவையில்லை. குளியலறைக்குள்ளேயே முதலில் ஒரு முறை முகம் கழுவி, வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைத் தாடையிலும் கழுத்திலும் சில நிமிடம் போர்த்தி வைத்துவிட்டு, சவரத்தை முடித்து, அதன் பின் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டால் இரண்டு தரப்புக்கும் நிறைவு. கொதிக்கும் நீர் வேண்டாம். அது தோலின் எண்ணெய்ப் பசையைக் கழற்றிவிடும். சித்திரை, வைகாசியில் இந்தக் கவலையும் இல்லை, மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வருவதே வெந்நீர்தான்.

சென்னைப் புறநகரில் ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பி வாழ்பவர்களுக்குத் தண்ணீரே ஒரு தனிப் பிரச்சினை. அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்புடன் சேர்ந்து கரையாத பிசுக்காகிவிடுவதால், எவ்வளவு தேய்த்தாலும் நுரை எழும்பாது, எழும்பினாலும் நிற்காது. நுரை என்பது அழகுக்காகப் பூசப்படுவது இல்லை. முடியின் ஈரத்தைக் காய விடாமல் பிடித்துவைத்து, பிளேடுக்கும் தோலுக்கும் இடையே வழுக்கலைத் தருவது அது. முகம் முழுவதும் குழைத்துப் பூச ஒரு குவளை குடிநீர் போதும். கேன் தண்ணீரைச் சவரத்துக்குச் செலவிடுவது ஆடம்பரமாகத் தோன்றலாம், ஆனால் மருந்துக்கடைச் செலவைவிட மலிவு. குளிக்கும் சோப்பையே தாடையில் தேய்த்துக்கொள்ளும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. நம் தோலின் இயல்பு சற்று அமிலத்தன்மை கொண்டது, பி.எச். அளவில் ஏறக்குறைய 5. சாதாரணக் குளியல் சோப்பு 9 முதல் 10 வரையிலான காரத்தன்மை கொண்டது, அதன் நுரையும் சவரம் பாதியில் இருக்கும்போதே காய்ந்துவிடும். வாசனை சேர்க்காத ஷேவிங் கிரீமை வாங்கி, பிரஷ்ஷால் வட்டமாகக் குழைத்து, 2 நிமிடம் அப்படியே விட்டுவிட்டுப் பிறகு தொடங்கலாம். வாசனைப் பொருள்களுக்கு ஒவ்வாமை உள்ள தோல்களுக்கு, எரிச்சலுக்கு அந்த வாசனையே காரணமாக இருப்பதும் உண்டு.

பிளேடின் எண்ணிக்கை 1971இல் 2, 1998இல் 3, 2006இல் 5 என்று ஏறிக்கொண்டே போனது. ஒவ்வொரு பிளேடும் தோலின் மேல் ஒரு முறை போய்வருகிறது என்பதால், 5 பிளேடு ரேசரை ஒரே இடத்தில் 3 தடவை இழுத்தால் தோல் 15 உரசல்களைத் தாங்க வேண்டும். புடைப்பு வராத தோல் உள்ளவர்கள் எதை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். வருபவர்களுக்கு ஒற்றை பிளேடே நல்லது. இந்தியாவில் இதற்குப் பெரிய செலவும் இல்லை. பழைய டபுள் எட்ஜ் பிளேடுகள் இன்னும் பெட்டிக்கடைகளில் கிடைக்கின்றன. குழாய்த் தண்ணீர் இல்லாமல் ஒரு குவளை நீரில் ரேசரை அலசிச் சவரம் செய்பவர்களை மனத்தில் வைத்து, ஜில்லெட் நிறுவனம் 2010இல் கார்டு என்ற ஒற்றை பிளேடு ரேசரை இந்தியாவில் 15 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. விலைக்காக ஒற்றையாக்கப்பட்ட அந்த ரேசர், கழுத்துப் புடைப்புக்காரர்களுக்கு உகந்ததாகவும் அமைந்துவிட்டது.

பிளேடு எப்படி மழுங்குகிறது என்பதை 2020இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) ஆய்வாளர்கள் மின்னணு நுண்நோக்கியின் கீழ் பார்த்தார்கள். முடி, பிளேடு எஃகைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையானது. அப்படியிருந்தும், சாய்வான கோணத்தில் வளைந்து கொடுக்கும் முடி, எஃகின் அமைப்பு சீராக இல்லாத இடங்களில் விளிம்பைச் சில்லு சில்லாகப் பெயர்த்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்தச் சில்லுகள் பெயர்ந்த விளிம்பு முடியை வெட்டுவதற்குப் பதிலாகப் பற்றி இழுக்கும். நாமோ, வெட்டவில்லையே என்று இன்னும் அழுத்துவோம். அழுத்தம்தான் தோலைச் சுரண்டுகிறது. 5 முதல் 7 சவரத்துக்குள் பிளேடை மாற்றிவிட வேண்டும் என்பது தோல் மருத்துவர்களின் பொது அறிவுரை; அடர்ந்த தாடிக்காரர்கள் அதற்கும் முன்பே மாற்றலாம். ரேசரின் எடையே அதை இழுத்துச் செல்லும்படி தளர்வாகப் பிடித்து, சிறு சிறு இழுப்பாக இழுத்து, ஒவ்வோர் இழுப்புக்கும் ரேசரை அலசிக்கொள்ள வேண்டும். தோலை இன்னொரு கையால் விறைப்பாக இழுத்துப் பிடிப்பதையும் கழுத்தில் தவிர்க்க வேண்டும். இழுத்துப் பிடித்த தோலை விட்டதும் அது மேலேறிக்கொள்ள, வெட்டுப்பட்ட முனை உள்ளே போய்விடும். புடைப்பின் கதை அங்கிருந்து மறுபடி தொடங்கும்.

சலூனில் இதை எல்லாம் நாம் கட்டுப்படுத்த முடியாது என்று எண்ணிவிட வேண்டாம். நான் வழக்கமாகப் போகும் கடைக்காரர் தொழிலில் கெட்டிக்காரர். இடக்கைக் கட்டைவிரலால் கழுத்துத் தோலை மேலே இழுத்து, நுரையை ஒரே வழிப்பில் எடுத்துவிட்டு, இரண்டாவது முறை நுரை பூசும்போது, "எதிர்ல ஒரு தடவை இழுத்துடவா சார்? அப்பத்தான் பளிச்சுன்னு இருக்கும்" என்பார். "கன்னத்துல வேணா போடுங்கண்ணே, கழுத்துல வேணாம்" என்று சொன்ன முதல் நாள் அவர் முகத்தில் தெரிந்த வருத்தம், அரைகுறை வேலையாக அனுப்பிவைக்கிறோமே என்ற கைவினைஞரின் வருத்தம். இப்போது அவரே மற்ற வாடிக்கையாளர்களிடம் கழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார். இன்னும் ஒன்றைக் கேட்கத் தயங்கக் கூடாது: புது பிளேடை உறையிலிருந்து எடுத்து, நம் கண் முன்னே ஒடித்து, கத்தியில் மாட்ட வேண்டும்.

ஒருவர் ரத்தம் பட்ட பொருள் இன்னொருவர் முகத்தில் படக் கூடாது என்ற இந்த எச்சரிக்கை படிகாரக் கட்டிக்கும் பொருந்தும். பொட்டாசியம் அலுமினியம் சல்பேட்டான அது தோலைச் சுருக்கி, சிறு கீறலில் கசியும் ரத்தத்தை உறையவைத்து நிறுத்தும், பயனுள்ள பொருள்தான். ஆனால் சலூனில் ஒரே கட்டியைக் கீறல்பட்ட முகங்கள் பலவற்றின் மீது தேய்க்கிறார்கள். ரத்தத்தின் வழியாகப் பரவி ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் தாக்குப்பிடிக்கக்கூடியது என்பதை நினைத்தால், 10 ரூபாய்க்கு ஒரு துண்டுப் படிகாரம் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வதே மேல். வீட்டிலும் அதை ரத்தம் வந்த புள்ளியில் மட்டும் வைத்து உடனே கழுவிவிட வேண்டும்; முகம் முழுக்கத் தேய்த்து உலரவிட்டால் தோல் வறண்டு அரிக்கும்.

சவரம் முடிந்ததும் குளிர்ந்த நீரால் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். நம் ஈரிழைத் துண்டு இதற்கு மிகப் பொருத்தமானது. ஆஃப்டர் ஷேவ் என்ற பெயரில் விற்கும் ஆல்கஹால் கலந்த லோஷனின் சுரீர் என்ற எரிச்சலைக் கிருமி சாவதற்கான அடையாளமாக நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில், தோலிலுள்ள வெப்பம் உணரும் நரம்பு ஏற்பி ஒன்று வழக்கமாக 42 டிகிரி செல்சியஸ் அளவில்தான் விழித்துக்கொள்ளும். ஆல்கஹால் அந்த வரம்பை 34 டிகிரி வரை கீழே இறக்கிவிடுவதால், உடலின் சொந்தச் சூட்டையே நெருப்பாக மூளை உணர்கிறது. எரிவதால் நன்மை ஏதும் இல்லை, தோல் வறள்வதுதான் மிச்சம். கிளிசரின் உள்ள, வாசனையற்ற மாய்ஸ்சரைசரை ஈரம் முழுதும் காய்வதற்குள் பூசினால் போதுமானது. முகப்பரு வரும் தோலுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது துளைகளை அடைக்கும்.

நேரத்தைப் பற்றியும் யோசிக்க வேண்டும். காலையில் மழித்த கழுத்தின் மீது அடுத்த அரை மணி நேரத்தில் ஹெல்மெட் வாரையும், வியர்வையையும், விறைப்பான சட்டைக் காலரையும் ஏற்றிவிடுகிறோம். முந்தைய நாள் மாலையே சவரம் செய்தால் தோலுக்கு ஓர் இரவு ஓய்வு கிடைக்கும். விளக்கு வைத்த பிறகு நகமும் முடியும் வெட்டக் கூடாது என்பவர்கள் வீட்டில் இருந்தால், ஆறு மணிக்குள் முடித்துக்கொள்ளலாம்.

புடைப்பு ஏற்கெனவே மண்டிக்கிடக்கும் கழுத்துக்கு இந்த நுணுக்கங்கள் எதுவும் போதாது. அதற்குத் தேவை ஓய்வு. சபரிமலைக்கு மாலை போட்டு 41 நாள் விரதம் இருப்பவர்கள் இதை நேரில் கண்டிருப்பார்கள். தாடி வளர வளர, முதல் சில நாள் அரிப்பு கூடும். பிறகு, உள்ளே சிக்கிய முடிகள் நீண்டு, தாமாகவே வெளியே நிமிர்ந்துகொள்ள, புடைப்புகள் அடங்கிவிடும். மருத்துவர்கள் சவரத்தை ஒரு மாதம் நிறுத்திவைக்கச் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான். மாலை கழற்றியதும் அந்த அடர்ந்த தாடியில் நேரடியாக ரேசரை வைத்து, 41 நாள் பலனையும் ஒரே நாளில் இழப்பவர்களே அதிகம். முதலில் டிரிம்மரால் ஒட்ட வெட்டிவிட்டு, மறுநாள் ரேசரைத் தொடலாம். அல்லது, அலுவலகம் அனுமதிக்குமானால், தோலுக்கு மேல் 1 மில்லிமீட்டர் முடியை விட்டுவைக்கும் டிரிம்மரோடு நின்றுவிடலாம். அந்த 1 மில்லிமீட்டர் வெளியே நிற்கும் வரை முடி உள்ளே திரும்பும் வாய்ப்பு மிகக் குறைவு. நான் வாரநாள்களில் இப்படித்தான் இருக்கிறேன். திருமணம், நேர்காணல் போன்றவற்றுக்கு மட்டும் பிளேடு.

கடைசியாக அந்தக் களிம்பு. மருந்துக்கடையில் போய், "ஷேவ் பண்ணின இடத்துல எரியுது, ஏதாவது குடுங்க" என்றால், பெரும்பாலும் பீட்டாமெத்தசோன் அல்லது குளோபெட்டசால் கலந்த கிரீம் கைக்கு வரும். சிவப்பு ஒரே நாளில் அடங்கும், அதுதான் ஆபத்து. இந்த ஸ்டீராய்டுகளை முகத்தில் தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் தெரிய ஆரம்பித்து, பரு வரும். நிறுத்தினால் முன்பைவிட அதிகமாகச் சிவக்கும், மெலிந்த தோலில் பிளேடு இன்னும் எளிதாகக் காயப்படுத்தும். படர்தாமரை மீது பூசினால் அது தோற்றம் மாறிப் பரவும், மருத்துவரே அடையாளம் காணத் திணறும் அளவுக்கு. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துப் பட்டியலில் 2018இல் பல ஸ்டீராய்டு களிம்புகள் சேர்க்கப்பட்ட பிறகும் கேட்டால் கிடைக்கத்தான் செய்கின்றன. சீழ் வைத்தாலோ, வட்டமாகப் பரவினாலோ, புடைப்பு கெட்டியாகித் தழும்பாக வளர்ந்தாலோ தோல் மருத்துவரிடம் போய்விட வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு உண்டு, கட்டணமும் இல்லை. பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன் போன்றவற்றை அவர் எழுதிக்கொடுப்பார். எதற்கும் அடங்காதபோது லேசர் மூலம் கழுத்து முடியைக் குறைப்பதும் ஒரு வழி. நம்மைப் போன்ற கறுத்த, மாநிறத் தோலுக்கு 1064 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட என்.டி. யாக் லேசரே மற்ற வகைகளைவிடப் பாதுகாப்பானது என்பதால், பணம் கட்டுவதற்கு முன் எந்த லேசர் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.